ஹெலிகாப்டர் என்று முதலில் சொன்னது யார்

நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது பயிற்சிப் பிரிவைக் கவனிக்கும் பெண் சென்ற மாதம் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நான் வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். "அங்கிள், நீங்க பிடிச்ச அந்த ஹெலிகாப்டர் கேஸைப் பத்திப் பேசுங்க. இப்பவும் ட்ரெயினிங்ல அதைத்தான் சொல்லிக் குடுக்கறோம்" என்றாள். சேலத்துப் பெண். பிரியமாகத்தான் கூப்பிட்டாள். உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தக் கேஸில் நான் இருந்தேன் என்பது உண்மை. அதைச் சொல்லிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர என்னால் முடியாது என்பதும் உண்மை. நேரில் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன்.

திருநெல்வேலியில் பி.காம். முடித்துவிட்டு, மெட்ராஸில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் லாரி விபத்து க்ளெய்ம்கள் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். என் மனைவி நர்ஸ். அவளுக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்தது. அவள் பின்னால் நானும் குழந்தையும் வந்தோம். ஓராண்டு பெட்ரோல் பங்கில் நின்றேன். பிறகு பிரின்ஸ்டன் பக்கத்தில் ஒரு பயண உதவிக் கம்பெனியில் இடம் கிடைத்தது. இங்கிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கு அங்கே உடம்புக்கு வந்துவிட்டால் பத்திரமாக மீட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊருக்குக் கொண்டு வந்து சேர்ப்பது எங்கள் தொழில். செலவை அவர்கள் எடுத்திருக்கும் பயண இன்ஷூரன்ஸ் ஏற்கும். தொண்ணூறுகளின் தொடக்கம். நேபாளத்தில் மலை ஏறப் போகிற கூட்டம் பெருகிக்கொண்டிருந்த காலம். அந்தப் பக்கத்து க்ளெய்ம்கள் எல்லாம் என் மேசைக்கு வந்தன. 'உனக்குத்தான் அந்தப் பிரதேசம் தெரியுமே' என்றார்கள். பனியை நான் முதன்முதலில் பார்த்ததே நூவர்க் விமான நிலையத்தின் கார் நிறுத்தத்தில்தான். சொல்லவில்லை. வேலை வேண்டியிருந்தது.

என் மேலதிகாரி கேரல். ட்ரென்டன் நகரத்தில் ஆம்புலன்ஸ்களை அனுப்பும் அறையில் இளமையைக் கழித்தவர். ஒல்லியான உடம்பு, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. நோயாளியோடு போனில் பேசுவதென்றால் எழுந்து நின்றுதான் பேசுவார். டாக்டர், ஏஜெண்ட், வக்கீல் எல்லோருக்கும் உட்கார்ந்தபடி. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "படுத்திருப்பவரோடு நானும் சாய்ந்துகொண்டு பேசினால் தூங்கிவிடுவேன்" என்றார். அது காரணமில்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

மோசடி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "நிஜமாகவே நோயாளி என்று வைத்துக்கொள். அதற்குப் பிறகும் எது ஒட்டாமல் நிற்கிறதோ, அதை மட்டும் என்னிடம் கொண்டு வா" என்பார். க்ளெய்ம் போட்டவரைக் கூப்பிட்டால் முதல் கேள்வி க்ளெய்மைப் பற்றி இருக்கக் கூடாது. 'இப்போது எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். எதிராளி பேசி முடிக்கும் வரை கையில் பேனா இருக்கக் கூடாது. நான் பேனாவை எடுத்தால், போனில் பேசிக்கொண்டே வந்து என் விரல்களுக்கு நடுவிலிருந்து உருவிக்கொண்டு போய்விடுவார். மெட்ராஸில் நான் கற்ற வேலைக்கு இது நேர் எதிர். அங்கே எதிராளி பொய் சொல்கிறான் என்பதில்தான் ஆரம்பிப்போம்.

ஒரு வசந்த காலத்தில், கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் நகரத்திலிருந்து ஒருவர் எங்களுக்கு நன்றி சொல்லி ஒரு போட்டோ அனுப்பினார். உயிரைக் காப்பாற்றிவிட்டீர்களாம். ஹெலிகாப்டருக்கு முன்னால், வெளிறிப் போன முகத்தோடு அவரும் இன்னும் மூன்று பேரும் தோளில் கை போட்டு நின்றார்கள். அந்த நால்வரில் ஒரு பெண்ணின் க்ளெய்மும் எங்களிடம் இருந்தது. இரண்டு பேருக்கும் தனித்தனியாக, தனி ஹெலிகாப்டர் வந்ததாக பில் போட்டிருந்தார்கள். ஒரே நாள், ஒரே கிராமம். மற்ற இருவரின் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடமும் அப்படித்தான் வாங்கியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

நான் போட்டோவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கேரல் அதை நெடுநேரம் பார்த்தார். "இவர்கள் முகத்தைப் பார். நடிக்கவில்லை. நிஜமாகவே நோயாளிகள். அதுதான் எனக்கு ஒட்டவில்லை" என்றார்.

அந்தப் பெண் ஒரு பள்ளி ஆசிரியை. கேரல் அவளை அழைத்து, நின்றபடியே வெகுநேரம் பேசினார். முந்தின நாள் கடைசியாக என்ன சாப்பிட்டாள், அதைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று கேட்டார். சூப். சமையலறைப் பெண் கொண்டு வந்ததை வழிகாட்டி நடுவில் வாங்கி, தானே கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அதன் பிறகு வாந்தி, பேதி. ஒரு நாள் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவன் விடவில்லை. உயரத்தினால் மூளை வீங்குகிறது, இன்று இறங்காவிட்டால் செத்துவிடுவாய் என்றிருக்கிறான். போனை வைக்கும் முன் கேரல் கேட்டார்: "ஹெலிகாப்டர் என்ற வார்த்தையை முதலில் சொன்னது யார்?"

அன்றிலிருந்து அந்தக் கேள்வி எங்கள் வழக்கமாகிவிட்டது. நிஜமாகவே ஆபத்து வரும்போது ஹெலிகாப்டர் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும் என்பார் கேரல். முதலில் ஓய்வு, பிறகு நடந்தே கீழே இறங்குவது, பிறகு குதிரை, பிறகு டாக்டர். எடுத்த எடுப்பிலேயே ஒருவன் வானத்தைக் காட்டினால், அவன் அதை முன்பே யோசித்து வைத்திருக்கிறான்.

இப்போது பத்மா மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எடிசனில் அந்தக் காலத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் மாமியைத் தெரியாதவர்கள் குறைவு. கணவர் போன பிறகு மகனோடு வந்து இருந்தார். மகன் தினமும் ரயிலேறி மன்ஹாட்டன் போய்விடுவான். மாமி வீட்டிலேயே டேகேர் நடத்தினார். என் மகள் மீனா பள்ளிக்கூடம் போகும் வரை அங்கேதான் வளர்ந்தாள். நாங்கள் வெஸ்ட் வின்ட்சருக்கு வீடு மாறிய பிறகும் மாதம் ஒருமுறையாவது மாமியைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிப்பாள். மாமிக்குக் கூர்மையான நாக்கு. ஆசாரம் பார்க்கிற ஒரு பெண்மணி, 'இத்தனை குழந்தைகளுக்கு டயபர் மாத்திண்டு ஆத்துல பூஜையும் எப்படிப் பண்றேள்' என்று கேட்டபோது, "இந்தக் கையாலதான் மாத்தறேன், இதே கையாலதான் தளிகை பண்றேன். பெருமாள் ஒண்ணும் சொல்லலை. உங்களுக்கென்ன?" என்றார்.

அவருக்கு ஒரே ஆசை, முக்திநாத். நேபாளத்து மலையில், பனிச் சிகரங்களுக்கு நடுவே இருக்கும் பெருமாள் கோயில். வடக்கே அவர் சேவிக்காத திவ்ய தேசம் அது ஒன்றுதான் பாக்கி. அப்போதெல்லாம் மேலே போக ரோடு கிடையாது. சின்ன விமானத்தில் ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி, அங்கிருந்து ஏறிப் போக வேண்டும்.

"என் தம்பி கூட்டிட்டுப் போவான் மாமி" என்று சொன்னது நான்தான்.

என் தம்பி டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருந்தான். எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். மலை ஏறுவதில் பைத்தியம். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஒரு குழுவைச் சேர்த்து நேபாளம் கூட்டிப் போவான். ஹூஸ்டன் தமிழர்கள் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். எங்கள் வீட்டிலும் அவன்தான் செல்லம். அழகன், கலகலப்பானவன். அந்த ஆண்டு மாமிக்காகவே முக்திநாத்தையும் பாதையில் சேர்த்துக்கொண்டான் என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

மாமி கோடை முழுவதும் பயிற்சி செய்தார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து அடுக்கு பார்க்கிங்கில், புடவையும் வெள்ளை ஷூவுமாக, முதுகுப் பையில் அரிசியைக் கட்டிக்கொண்டு சரிவுப் பாதையில் ஏறி இறங்குவார். ஆபீஸ் முடிந்து வருகிறவர்கள் ஹாரன் அடித்து உற்சாகப்படுத்துவார்கள்.

போய்விட்டுத் திரும்பியவர் யாரையும் பார்க்கவில்லை. டேகேரை மூடிவிட்டார். தாய்மார்கள் அவசர அவசரமாக வேறு இடம் தேடினார்கள். என் மனைவி பார்க்கப் போனபோது கதவைப் பாதி திறந்து, "தூக்கமா வரது, அப்புறம் வாங்கோளேன்" என்று அனுப்பிவிட்டார். ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு மளிகைக் கடையில், அந்தக் குழுவில் போயிருந்த பெண் ஒருத்தி என் மனைவியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பாவம் மாமி. எல்லார் முன்னாடியும் கன்ட்ரோல் போயிடுச்சு. ஹெலிகாப்டர்ல இறக்க வேண்டியதாயிடுச்சு." சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டாளாம்.

ஹெலிகாப்டர் என்று மனைவி சொன்னதுமே கேரலின் கேள்விதான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. குழுவுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுத்தது என் தம்பி. எந்தக் கம்பெனி என்று நான் கேட்டதில்லை. இரண்டு வாரத்தில் மாமியின் ஃபைல் என் மேசைக்கே வந்தது.

அதைப் பிரிக்காமல் கேரலிடம் கொண்டு போனேன். "இவர் என் மகளை வளர்த்தவர். அந்தக் குழுவைக் கூட்டிப் போனவன் என் தம்பி" என்றேன். கேரல் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் எழுந்து நின்றார். "இனி இது என் ஃபைல்" என்றார்.

சில நாள் கழித்து அவரே என்னிடம் வந்தார். மாமி போனில் பேச மறுக்கிறார், 'உடம்பு சரியில்லை, கடவுள் சித்தம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார் என்றார். "நேரில் போகிறேன். அவருக்கு ஆங்கிலம் தெரிகிறது. ஆனால் இதைச் சொல்கிற ஆங்கிலம் அவரிடம் இல்லை. நீ வா. நான் கேட்பதை மட்டும் அவருக்குச் சொல். அவர் சொல்வதை மட்டும் எனக்குச் சொல்."

எந்த வீட்டில் குழந்தைகளின் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காதோ, அந்த வீடு வெறிச்சென்று கிடந்தது. பொம்மைகள் எல்லாம் ஒரு போர்வைக்குக் கீழே. மாமி மெலிந்திருந்தார். கேரல் சோபாவில் உட்காரவில்லை.

"இப்ப எப்படி இருக்கீங்கன்னு கேக்கறாங்க, மாமி."

"இருக்கேன்னு சொல்லுங்கோ."

கேரல் காத்திருந்தார். வெளியே பள்ளிப் பேருந்து ஒன்று வந்து நின்று, போனது. மாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"கோயிலுக்குக் கீழ ஒரு கிராமம். அங்க தங்கினோம். இன்னும் ஒரு மணி நேரம் ஏறினா சன்னதி. எல்லாருக்கும் சூப்பு குடுத்தா. நான் வெங்காயம் பூண்டு சேத்துக்க மாட்டேனோல்லியோ, வேண்டாம்னேன். உங்க தம்பிதான், 'உங்களுக்குன்னு தனியாப் பண்ணச் சொல்லியிருக்கேன் மாமி'ன்னு ஒரு கப் கொண்டு வந்து குடுத்தார். எவ்வளவு கரிசனம்னு நினைச்சேன்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். 

"காலம்பற எல்லாரும் கிளம்பி நிக்கறா. நிமிர்ந்து பாத்தா கோயில் தெரியறது. சுத்தி இருக்கற மரமெல்லாம் தெரியறது. நாலடி வெச்சேன். அப்புறம்... புடவையெல்லாம். அத்தனை பேர் நின்னுண்டிருந்தா, சண்முகம். ஆம்பளைகள்லாம் நின்னுண்டிருந்தா." அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "இதை அவகிட்ட சொல்லாதீங்கோ. இதை இங்கிலீஷ்ல சொல்லாதீங்கோ."

நான் சொல்லவில்லை. கேரல் கேட்கவும் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. சற்று நேரம் கழித்துத் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அதை நான் தமிழில் கேட்க வேண்டியிருந்தது.

"ஹெலிகாப்டர்னு முதல்ல சொன்னது யாருன்னு கேக்கறாங்க, மாமி."

"உங்க தம்பிதான். ஒரு நாள் படுத்துண்டு இருந்துட்டு நாளைக்கு ஏறறேன்னேன். குதிரைலயாவது உக்காத்தி வெச்சு அழைச்சுண்டு போங்கோன்னு கெஞ்சினேன். 'மூளையில தண்ணி கோத்துக்கும் மாமி, உயிர் போயிடும்'னுட்டார். மேல பறக்கறச்சே கோயில் நேர் கீழ வந்துதாம். பைலட் காட்டினான். நான் கண்ணை மூடிண்டேன். வாசல் வரைக்கும் வரவழைச்சு, இந்தக் கோலத்துல நீ வராதேன்னுட்டார். வேண்டாம்னவரை எதுக்குப் பாக்கணும்?"

திரும்பி வரும்போது கேரல் கார் ஓட்டினார். "கடைசியில் என்ன சொன்னார்?" என்று கேட்டார். கடவுள் தன்னை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டதாக நம்புகிறார் என்றேன். கேரல் அடுத்த சிக்னலில் காரை நிறுத்தினார். பிறகு, "இதற்கு ஈடு கட்ட எந்தப் பாலிசியிலும் இடம் கிடையாது" என்றார்.

வீட்டுக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டேன். ஃபைல் என் கையில் இல்லை, அண்ணனாக மட்டும் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். முதலில் சிரித்தான். பிறகு கோபப்பட்டான். பிறகு மெதுவாக இறங்கி வந்தான். நேபாளத்தில் உள்ள மலையேற்றக் கம்பெனி அவன் பயணச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்கிறது, யாராவது ஹெலிகாப்டரில் இறங்கினால் அவனுக்கும் ஒரு பங்கு வரும் என்றான்.

"இதுல யாருக்குண்ணே நஷ்டம்? இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத்தானே? அவன்கிட்ட இல்லாததா?"

"சூப்புல என்னடா கலந்தீங்க?"

"அம்மா சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே. கைடு கையில குடுத்தான், கொண்டு போய்க் குடுத்தேன். வயசானவங்க, மலைக் காத்து ஒத்துக்கலைன்னுதான் நானும் நினைச்சேன்."

நான் நம்பினேன். அம்மா சத்தியம் என்றானே. அவன் பேராசைக்காரன், ஏமாந்தவன், ஆனால் தெரிந்து செய்தவன் இல்லை என்று என் மனைவியிடமும் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். 

காத்மாண்டுவில் எங்கள் கம்பெனிக்காக வேலை செய்தவர், மாமி தங்கியிருந்த விடுதியின் சமையல்காரனைத் தேடிப் பிடித்தார். அவன் எதையும் மறைக்கவில்லை. பேதி மருந்துப் பொடி. ஒவ்வொரு குழுவிலும் ஓரிரண்டு பேருக்கு மட்டும். கப்பைத் தனியாக வைப்பான். அது யாருக்குப் போகிறது என்று அவன் கேட்பதில்லை.

இதை மாமியிடம் சொல்ல வேண்டும் என்றேன். விசாரணை முடியும் வரை யாரோடும் பேசக் கூடாது என்று கம்பெனி வக்கீல் சொல்லியிருந்தார். கேரல் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "போய்ச் சொல். வக்கீலிடம் நான் உட்கார்ந்து பேசிக்கொள்கிறேன்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். மாமி நின்றபடியே கேட்டார். 

"அப்போ என் உடம்பு இல்லை?"

"இல்ல மாமி."

"அவரும் இல்லை?"

பெருமாளைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "இல்ல மாமி. அவரும் இல்ல."

உள்ளே போனார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகு நேரம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது பழைய மாமி கொஞ்சம் தெரிந்தார்.

"எங்கிட்ட சொன்னா ஆச்சா? அங்க நின்னுண்டிருந்தாளே, அவா அத்தனை பேருக்கும் தெரியணும். இங்கேயே உக்காந்து போன் பண்ணுங்கோ. நான் உள்ள இருக்கற போன்ல கேட்டுண்டிருக்கேன்."

"மாமி, அவன் என் கூடப் பிறந்தவன்."

"தெரியும். அதனாலதான் நீங்க சொல்லணுங்கறேன்."

திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவை நினைத்தேன். ஹூஸ்டனில் அவன் குழந்தைகளை நினைத்தேன். போனை எடுத்தேன்.

நம்பர்கள் மாமியிடம் இருந்தன. ஒவ்வொருவரிடமும், நான் இன்னாருடைய அண்ணன், மாமியும் லைனில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, நடந்ததைச் சொன்னேன். முதல் ஆள் 'ஓ மை காட்' என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவர், "சொந்தத் தம்பியைப் பத்தி எந்த அண்ணனாவது இப்படிப் பேசுவானா சார்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மளிகைக் கடையில் என் மனைவியிடம் பேசிய பெண் அழுதுவிட்டாள். "சாரி மாமி, நான் சிரிச்சேன் மாமி" என்றாள். மாமி உள்ளிருந்து, "நானும் உன் இடத்துல இருந்தா சிரிச்சிருப்பேனோ என்னமோ. விடு" என்றார். ஒருவருக்கு அது நினைவிலேயே இல்லை. 'மாமிக்கு லேசா உடம்பு சரியில்லாம போச்சுல்ல?' என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். "இன்னும் ஒருத்தர் பாக்கி" என்றார் மாமி.

கேட்டி நம்பரை நானே அழுத்தினேன். தம்பி எடுத்தான்.

"நான் பத்மா மாமி பேசறேன்."

"மாமி! எப்படி இருக்கீங்க?" அந்தக் குரலில் இருந்த இனிமை மாறவே இல்லை.

"இருக்கேன். எல்லாம் கேட்டாச்சு. உங்க அண்ணாவும் லைன்ல இருக்கார். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அத்தனை பேர் வந்தோமே, நான் எதுக்கு?"

 அவன் வீட்டில் டி.வி. ஓடுவது கேட்டது. தெரியாது என்பான், அம்மா சத்தியம் என்பான் என்று காத்திருந்தேன்.

"நீங்க தனியா வந்தீங்க, மாமி" என்றான். ஆறுதல் சொல்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னான். "மத்தவங்க எல்லாம் ஜோடியா வந்திருந்தாங்க. உங்களுக்குன்னு நின்னு கேக்க ஆள் இல்ல."

மாமி போனை வைக்கும் சத்தம் கேட்டது. என்னால் வைக்க முடியவில்லை. "அண்ணே? அண்ணே, இருக்கீங்களா?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

கம்பெனி அந்த மலையேற்றக் கும்பலுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தியது. மற்ற இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் சொல்லிவிட்டது. தம்பி ஜெயிலுக்குப் போகவில்லை. வக்கீல்கள் பேசி, வாங்கியதைத் திருப்பிக் கட்டிவிட்டு வேறு மாநிலத்துக்குக் குடிபோனான். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நிறுத்துவதற்கு முன், "அவனை நீதானே தூக்கி வளத்தே" என்று மட்டும் கேட்டாள். இங்கே கோயிலிலும் கல்யாணங்களிலும் முன்பின் தெரியாதவர்கள் வந்து கை குலுக்கி, 'உங்களை மாதிரி நேர்மையான ஆள் அபூர்வம் சார்' என்றார்கள். நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே வந்துவிடுவேன். ஆபீஸில் எனக்கு ஏதோ பாராட்டு என்று பேச்சு வந்தபோது கேரலிடம் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

தம்பி செய்ததற்கான வெட்கம் ஒரு பக்கம். அதோடு இன்னொன்றும் உண்டு. கேள்வி கேட்பதுதான் என் தொழில். எப்படிக் கேட்க வேண்டும் என்று நல்ல ஆசானிடம் கற்றவன். ஆனால் என் தம்பியிடம், சூப்பில் என்ன கலந்தாய் என்று கேட்டேனே தவிர, ஏன் அவர் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று உள்ளே எங்கோ எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாமி ஒரே கேள்வியில் அவனைத் திறந்துவிட்டார். ஃப்ரீவேயில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது இன்றும் திடீரென்று அவன் சொன்ன அந்தப் பதில் காதில் விழும். முகம் சூடாகிவிடும்.

மாமி டேகேரை மறுபடியும் திறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, முக்திநாத் போகிறேன் என்று போன் செய்தார். மகன் கூட வருகிறேன் என்றானாம், வேண்டாம் என்றுவிட்டாராம்.

"தனியா வந்தவள்னுதானே பண்ணினான்? தனியாவே போறேன். ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கூப்பிடணும்னு டிராவல்ஸ்காரா கேட்டா. உங்க பேரைக் குடுத்திருக்கேன். ஃபோன் வந்தா எடுங்கோ."

என் பெயரைக் கொடுத்திருக்கிறார். அதே குடும்பத்துப் பெயர். அந்த வாரங்களில் போன் மணி காதில் விழாத தூரத்துக்கு நான் போகவில்லை. கேரல் ஒருமுறை என் மேசையருகே நின்று, "உன் பெருமாட்டி ஏறிவிட்டாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. அங்கே சாயங்காலம். விமான இறங்குதளம் உள்ள ஊரிலிருந்து பேசினார். இரைச்சலுக்கு நடுவே குரல் வந்து வந்து போனது.

"சேவை ஆயிடுத்து, சண்முகம்! கோயிலைச் சுத்தி விழற நூத்தெட்டு தாரைத் தண்ணியையும் தலைல வாங்கிண்டேன். பல்லு கிட்டிப் போயிடுத்து. பெருமாள் அப்படியே பளபளன்னு உக்காந்துண்டிருக்கார்."

நான் சந்தோஷம் மாமி, சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"எல்லாருக்கும் வேண்டிண்டேன். உங்களுக்கு, உங்காத்துக்காரிக்கு, மீனாவுக்கு. உங்க ஆபீஸ்லேர்ந்து வந்து நின்னுண்டே இருந்தாளே அந்த அம்மா, அவளுக்கும். உங்க தம்பிக்கும் வேண்டிக்கணும்னுதான் போனேன். நிஜமாத்தான் சொல்றேன். அங்க போய் நின்னா, பேர் வாயில வரலை." இரைச்சல் கூடியது. "தப்போ?"

"பரவால்ல மாமி" என்றேன்.

அதற்குள் லைன் போய்விட்டது. வாயில் நுரையோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெயரை நானும் சொல்லி வெகு காலம் ஆகியிருந்தது. இப்போது இதை எழுதி முடித்துப் படித்துப் பார்க்கிறேன். இதிலும் அந்தப் பெயர் எங்கேயும் வரவில்லை.